ஒட்டாத தாச்சியும் ஓயாத தாய்மாரும்



சென்ற மாதம் எமது சுயதொழில் குழுவின் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அன்று முழுவதும் கடன் தவணை பற்றிய பேச்சுத்தான். புறப்படும் நேரத்தில், தோசை சுட்டு விற்கும் அக்கா ஒருவர் தனது பையிலிருந்து ஒரு தாச்சியை எடுத்து என் முன்னால் வைத்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பிய ஒட்டாத தாச்சி. நடுவில் கறுப்புப் பூச்சு உரிந்து, அடியில் உள்ள வெள்ளை உலோகம் தெரிந்தது.

"தங்கச்சி, நீங்கள் படிச்ச பிள்ளை. இந்தக் கறுப்பு உரிஞ்சு தோசையோட வயித்துக்க போயிருக்கும். புத்துநோய் வரும் எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில பாத்துச் சொல்லுது. மெய்யே?"

நான் படித்தது சமூகவியல். "விசாரிச்சுச் சொல்லுறன் அக்கா" என்று கூறிவிட்டு வந்தேன். விசாரிக்கப் போன இடத்தில் தாச்சியை விடப் பெரிய கதையொன்று கிடைத்தது. அதில் வருபவர்கள் எங்களைப் போன்ற தாய்மார் என்பதால் இம்மாதம் அதையே எழுதுகிறேன்.

அக்காவின் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்புப் பூச்சு புளோரீனும் காபனும் சேர்ந்த ஒருவகைப் பிளாஸ்ரிக். டெஃப்லோன் என்ற வியாபாரப் பெயரில் பலருக்கும் தெரியும். உரிந்த துகள் வயிற்றுக்குள் போனால் அது கரைவதில்லை, இரத்தத்தில் சேர்வதுமில்லை, பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கவனிக்க வேண்டியது வேறொன்று. வெறும் தாச்சியைப் பெரு நெருப்பில் வைத்து மறந்துபோனால், சூடு 300 பாகை அளவுக்கு ஏறும்போது பூச்சு சிதைந்து புகை வரத் தொடங்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் தடிமன் காய்ச்சல் போலக் குளிரும் உடம்பு வலியும் வரும். வீட்டில் கூண்டில் கிளி வளர்ப்பவர்களின் கிளிகள் இப்புகையால் இறந்ததுண்டு. விறகு அடுப்பில் சூட்டைக் கட்டுப்படுத்துவது கடினம். ஆகவே விறகில் சமைப்பவர்களுக்கு இந்தத் தாச்சி பொருந்தாது.

இவ்வளவுதான் தாச்சியின் கதை. ஆனால் அந்தப் பூச்சையும் அதன் சொந்தக்காரப் பொருட்களையும் செய்த தொழிற்சாலைகளைச் சுற்றியிருந்த கிணறுகளின் கதை அப்படிச் சுருக்கமாக முடியவில்லை.

புளோரீன் அணுவும் காபன் அணுவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இலேசில் விடுவதில்லை. வெயில், மழை, அமிலம், கிருமி எதற்கும் அந்தப் பிடி தளராது. எண்ணெயும் ஒட்டாது, நீரும் ஒட்டாது. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் டூபொன்ட் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் றோய் பிளங்கட் என்ற இளம் இரசாயனவியலாளர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக டெஃப்லோனைக் கண்டார். அதன் பின்னர் இந்தக் குடும்பம் பெருகியது. மழை அங்கி, கறை பிடிக்காத கம்பளம், எண்ணெய் ஊறாத உணவுப் பெட்டி, விமான நிலையங்களிலும் படைத்தளங்களிலும் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை, கணினிச் சில்லுகள், சத்திரசிகிச்சையில் பொருத்தும் செயற்கை இரத்தக் குழாய் என்று இது புகாத இடமில்லை. இன்று பல்லாயிரம் வகைகள் உண்டு. ஆங்கிலத்தில் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் 'பீபாஸ்' என்று அழைக்கிறார்கள். அழியாமல் இருப்பதால் 'என்றென்றைக்குமான இரசாயனம்' என்ற பட்டப்பெயரும் உண்டு.

இடையில் ஒரு விளக்கம். வவுனியா, அனுராதபுரம் போன்ற வரண்ட பிரதேசங்களில் கிணற்று நீரில் புளோரைட் கூடிப் பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை விழுவதை நாமறிவோம். அது பாறையிலிருந்து இயற்கையாகக் கரையும் உப்பு. இங்கு நான் பேசுவது தொழிற்சாலையில் மனிதர் செய்த பொருள். பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி இத்தாலிக்குப் போவோம். அந்நாட்டின் வடக்கே வெனெற்றோ என்ற மாநிலம். வெனிஸ் நகரம் இருப்பது அங்குதான். அம்மாநிலத்தின் விசென்சா மாவட்டத்தில், மலையடிவாரத்தில், திரிசினோ என்ற சிறிய ஊர். 1960களின் நடுப்பகுதியில் துணி ஆலை முதலாளிகளான மார்சோட்டோ குடும்பத்தினர், துணியில் நீரும் கறையும் ஒட்டாமலிருக்க வழி தேடி அங்கே ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினர். அதுவே வளர்ந்து புளோரீன் இரசாயனத் தொழிற்சாலையானது. பின்னர் ஜப்பானின் மிற்சுபிஷியும் இத்தாலியின் எனி கொம்பனியும் கூட்டாக வாங்கின. இரண்டு பெயரையும் சேர்த்து 'மித்தேனி' என்று பெயர் வைத்தார்கள். 2009இல் அது ஒரு யூரோவுக்கு வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. ஒரு முழுத் தொழிற்சாலை ஒரு யூரோவுக்கு! சந்தையில் ஆட்டுக்குட்டியை அந்த விலைக்குத் தந்தாலும், ஏன் இவ்வளவு மலிவு என்று நாம் கேட்டிருப்போம்.

அந்தத் தொழிற்சாலைக்குக் கீழே இருந்தது நீரூற்று நிலம். மலையிலிருந்து வரும் நீர் கூழாங்கல் மண்ணில் இறங்கி நிலத்தடியில் ஓடி, சமவெளியெங்கும் கிணறுகளாக மேலே வரும் இடம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே ஊற்றியது கீழே போய் எங்கோ ஒரு வளவின் கிணற்றில் வரும். 2013ஆம் ஆண்டு இத்தாலியின் தேசிய ஆராய்ச்சிச் சபை நடத்திய ஆய்வொன்றின் மூலம் இந்த நீரில் புளோரீன் இரசாயனங்கள் இருப்பது வெளியே வந்தது. அதே ஆண்டில் மாநிலச் சுற்றாடல் அதிகாரிகள் தேடிப்போய், முக்கிய மூலம் மித்தேனி தொழிற்சாலை என்று கண்டனர். விசென்சா, வெரோனா, பதோவா ஆகிய மூன்று மாவட்டங்களில் சுமார் 350,000 மக்கள் அந்த நீர்ப்பரப்பின் மேல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நீர் வழங்கல் நிலையங்களில் செயற்படுத்திய கரி வடிகள் பொருத்தப்பட்டன. மக்களுக்கு விடயம் அறிவிக்கப்படாமல் இல்லை. ஆனால் அறிவித்தல் வேறு, விளங்கும்படி சொல்வது வேறு. எமது முகாம் காலங்களில் எத்தனை அறிவித்தல்கள் கதவில் ஒட்டப்பட்டன, அவற்றில் எத்தனை எங்களுக்கு விளங்கின என்று எண்ணிப் பாருங்கள். அங்கும் அப்படித்தான். விஞ்ஞானப் பெயர்களும் இலக்கங்களும் நிறைந்த செய்தியைப் படித்துவிட்டு மக்கள் வழமைபோல் குழாயைத் திறந்து தேநீருக்கு நீர் பிடித்தார்கள்.

நிலைமையை மாற்றியது ஒரு கடிதம். மாசு அதிகமாக இருந்த பகுதியைச் 'சிவப்பு வலயம்' என்று பிரித்து, அங்கு வாழும் மக்களுக்கு மாநில அரசு இரத்தப் பரிசோதனையை ஆரம்பித்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளும் அதில் அடங்கினர். 2017இல் முடிவுகள் தபாலில் வீடுகளுக்கு வந்தன. பதினைந்து வயது மகளின் பெயர், அதன் கீழே ஓர் இலக்கம். அந்தப் பொருளில் மிகவும் பேசப்படுவது பீஎப்ஓஏ என்பது. மாசுபடாத பகுதி மக்களின் இரத்தத்தில் அது ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1.6 நனோகிராம் அளவில் இருந்தது. சிவப்பு வலயத்தில் பரிசோதிக்கப்பட்ட 18,000க்கும் மேற்பட்ட இளவயதினரின் நடுமதிப்பு 44 நனோகிராம். பாதிப் பேருக்கு அதற்கும் மேல்.

ஒரு நனோகிராம் என்பது கண்ணால் காண முடியாத அளவுதான். ஆனால் இது உடலில் தங்கும் பொருள். இன்று குடிப்பதை நிறுத்தினாலும், உள்ளே இருப்பதில் பாதி போவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை செல்லும். வழமையாகக் கொடுக்கும் மருந்தும் இல்லை. 2017இல் அங்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை ஒன்றைத் தொடங்கிப் பின்னர் நிறுத்தி விட்டார்கள்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாய்மார் குடும்ப வைத்தியர்களிடம் போனார்கள். வைத்தியர்கள் பலருக்கே இப்பொருளைப் பற்றிப் பரிச்சயமிருக்கவில்லை. பாடசாலை வாசலில், தேவாலய மண்டபத்தில், வாட்ஸ்அப்பில் தாய்மார் ஒருவரையொருவர் தேடிக்கொண்டனர். "உங்கட பிள்ளைக்கு எவ்வளவு?" என்பதுதான் அந்த நாட்களின் கேள்வியாக இருந்திருக்கும். இப்படித்தான் 'மம்மே நோ பீபாஸ்' என்ற அமைப்பு பிறந்தது. 'பீபாஸ் வேண்டாம் என்னும் அம்மாமார்' என்று பொருள் கொள்ளலாம். பிள்ளைகளுக்காக வீட்டை விட்டு வெளியே வந்த இந்தப் பெண்கள் இரசாயனத்தைத் தாங்களே படித்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளை மொழிபெயர்த்து வாசித்தார்கள். அதிகாரிகளின் மேசைகளில் போய் அமர்ந்து பதில் கிடைக்கும்வரை எழும்பவில்லை.

அவர்கள் ஊர்வலத்துக்கு அணிந்து வந்தது ஒரு வெள்ளை ரீசேட். அதில் பிள்ளையின் பெயரும், அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் இருந்த அளவும் அச்சிடப்பட்டிருந்தன. காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் இருக்கும் எங்கள் தாய்மாரைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்தப் படத்தை முதலில் கண்டபோது வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. இரு துயரங்களும் ஒன்றல்ல. அவர்களின் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் ஓர் இலக்கத்தை நெஞ்சில் எழுதிக்கொண்டு அரசாங்கத்தின் முன்னால் நிற்பதற்கு வேண்டிய துணிவு எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

பெண்களாகிய எங்களுக்கு இதில் இன்னொரு நுட்பமான விடயம் இருக்கிறது. ஆண்களை விடப் பெண்களின் உடலில் இப்பொருளின் அளவு பொதுவாகக் குறைவாகக் காணப்படுகிறது. காரணம், மாதவிடாய் இரத்தத்தோடு கொஞ்சம் போகிறது. கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குக் கொஞ்சம் போகிறது. தாய்ப்பாலில் இன்னும் கொஞ்சம். மூத்த பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் அதிகம். அதாவது தாயின் உடல் சுத்தமாவது பிள்ளையின் உடலுக்குள் ஊற்றித்தான். இதை அறிந்தபோது அந்தத் தாய்மார் பட்ட வேதனையைச் சொல்லத் தேவையில்லை. "நான் கொடுத்த பால்தானா?" என்று கேட்காத தாய் இருக்க மாட்டாள்.

இந்த இடத்தில் வாசகிகளுக்குத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இப்பொருள் பற்றி நன்கு அறிந்த சுகாதார நிறுவனங்களும் தாய்ப்பாலின் நன்மையே பெரிது என்றுதான் கூறுகின்றன. குற்றம் பாலில் இல்லை, பாலுக்கு வந்த நீரில் இருந்தது. நீருக்கு அது வந்தது ஒரு குழாய் வழியாக. அந்தக் குழாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஒரு தாய் தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொள்ளும்போது அந்தச் சொந்தக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். எமது ஆற்றுப்படுத்தல் வேலையில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஷெல் விழுந்த நாளில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பியவள் நானல்லவா என்று பதினைந்து வருடமாக அழும் தாயிடம், ஷெல்லை அனுப்பியவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அறிந்தே நடந்ததா என்பது அடுத்த கேள்வி. விசென்சா வழக்கு விசாரணையில், தொழிற்சாலைக்குக் கீழே மண்ணும் நீரும் மாசுபட்டிருப்பதைக் காட்டும் ஆலோசகர் அறிக்கைகள் 1990களிலிருந்தே நிறுவனத்தின் கையில் இருந்தமை தெரியவந்தது. அமெரிக்காவில் நடந்ததும் இதைப் போன்றதே. மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் பார்க்கர்ஸ்பேர்க் நகருக்கு அருகே டூபொன்ட் கொம்பனியின் டெஃப்லோன் தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்தார்கள். பீஎப்ஓஏ கொடுக்கப்பட்ட எலிகளின் குட்டிகளுக்குக் கண்ணில் குறைபாடு காணப்பட்டதாக 1981இல் அதனை விற்ற கொம்பனி அறிவித்தது. உடனே அப்பிரிவில் இருந்த பெண்களை டூபொன்ட் வேறிடத்துக்கு மாற்றியது. அக்காலத்தில் அங்கு வேலை செய்த பெண்களுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளைப் பார்த்தபோது இருவருக்குக் கண் பகுதியில் குறைபாடு இருந்தது. அந்தத் தாள் அலுமாரிக்குள் போனது. மூன்று வருடம் கழித்து அயல் ஊர்களின் குழாய் நீரிலும் பொருள் இருப்பதை அவர்களே பரிசோதித்து அறிந்தார்கள். அதுவும் அலுமாரிக்குள்தான்.

அந்த அலுமாரியைத் திறக்க வைத்தவர் ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். தனது மாடுகள் ஓடை நீரைக் குடித்து ஒவ்வொன்றாக இறப்பதைக் கண்ட வில்பர் டெனன்ட், 1998இல் றொபேர்ட் பிலொட் என்ற சட்டத்தரணியைத் தேடிப் போனார். அதன் பயனாக வந்த இணக்கப்பாட்டின்படி சுமார் 69,000 மக்கள் இரத்தம் கொடுத்தார்கள், ஒவ்வொருவருக்கும் 400 டொலர் வழங்கப்பட்டது. அந்த இரத்தத்தை வைத்து விஞ்ஞானிகள் குழு ஏழு வருடம் ஆராய்ந்து, 2012இல் ஆறு நோய்களுக்கும் பீஎப்ஓஏக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று கூறியது: சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைரொயிட் நோய், பெருங்குடல் புண் அழற்சி, கூடிய கொலஸ்ரோல், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், பீஎப்ஓஏ மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

இத்தாலியத் தாய்மாரின் வழக்குக்குத் திரும்புவோம். மித்தேனி 2018இல் வங்குரோத்தானது. எங்களுடைய ஊர்களில் என்றால் "கொம்பனியே இல்லை, இனி யாரிடம் கேட்பது" என்று விட்டிருப்போம். அவர்கள் விடவில்லை. 2021இல் விசென்சா நீதிமன்றத்தில் 15 நிர்வாகிகளுக்கு எதிராக வழக்கு ஆரம்பமானது. மூன்று நாடுகளைச் சேர்ந்த பெரிய கொம்பனிகளின் உயர் அதிகாரிகள். தாய்மார் முறை வைத்து ஒவ்வொரு தவணைக்கும் போய் அமர்ந்தார்கள். தவணை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பஸ் காசு, ஒரு நாள் கூலி, பிள்ளையை யாரிடம் விடுவது என்ற யோசனை, போய்ச் சேர்ந்தால் இன்னொரு திகதி. நான்கு வருடம் அப்படிப் போனது. 2025 ஜூன் 26ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நீரை நஞ்சாக்கியமை, சுற்றாடல் பேரழிவு ஆகிய குற்றங்கள் உட்பட, 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எல்லோருடைய தண்டனையையும் கூட்டினால் 141 வருடச் சிறை. நான்கு பேர் விடுவிக்கப்பட்டார்கள். இது முதல் நீதிமன்றத்தின் தீர்ப்பு. மேன்முறையீட்டுக்கு இடமுண்டு. ஆனாலும் ஆலை முதலாளிமார் ஊர்க் கிணற்றை நஞ்சாக்கியதற்காகச் சிறைத் தண்டனை பெறுவது ஐரோப்பாவிலும் அடிக்கடி நடப்பதல்ல.

அதற்கு முந்திய மாதம் அதே நகரின் தொழில் நீதிமன்றம், மித்தேனியில் வேலை செய்து 2014இல் இறந்துபோன தொழிலாளி ஒருவரின் மரணத்துக்கும் இப்பொருளுக்கும் தொடர்புண்டு என்று ஏற்றுக்கொண்டது. கிணற்றைக் குடித்தவர்களைப் பற்றிப் பேசும்போது, உள்ளே நின்று வேலை செய்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம். அவர்களின் இரத்தத்தில்தான் அளவு மிக அதிகம்.

அப்படியானால் இப்பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டுமா? இங்குதான் எனக்கு அவசரம் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அடிக்கும் பம்பில் உள்ள வாயு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெஞ்சில் பொருத்தும் குழாயும் அப்படித்தான். தாச்சி, மழை அங்கி, பீட்சாப் பெட்டி என்பன வேறு. அவற்றுக்கு மாற்று உண்டு. இந்த வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கும் முறை புதிதல்ல. குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த சீஎப்சீ வாயுவும் புளோரீன் சேர்ந்ததே. அது ஓசோன் படையைக் கெடுக்கிறது என்று கண்டதும் 1987இல் மொன்றியல் உடன்படிக்கை செய்யப்பட்டது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. முடிந்த இடங்களில் எல்லாம் நிறுத்தினார்கள். ஆஸ்துமா பம்புக்கு மாற்று வரும்வரை விலக்குக் கொடுத்தார்கள். ஓசோன் படை இன்று மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது. மனம் வைத்தால் செய்யலாம் என்பதற்கு அது போதும்.

பீபாஸ் விடயத்திலும் கொஞ்சம் நடந்திருக்கிறது. ஸ்டொக்ஹோம் சமவாயம் 2009, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று முக்கிய வகைகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இலங்கையும் அச்சமவாயத்தின் பங்காளி. டென்மார்க் 2020இல் உணவு சுற்றும் கடதாசியில் இவற்றைத் தடை செய்தது. பிரான்ஸ் 2025இல் சட்டம் இயற்றி, உடுப்பு, அழகுசாதனப் பொருட்களில் 2026 ஜனவரி முதல் நிறுத்தியது. அச்சட்ட மூலத்தில் முதலில் தாச்சியும் இருந்தது. தாச்சி செய்யும் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் பரிசுக்கு வந்து, தாச்சிகளோடு பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம். தாச்சி சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எங்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர் ஆடைத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுகிறார்கள்! நாளைக்கு ஏதோ ஒரு பொருளுக்கு ஐரோப்பாவில் தடை வந்து ஓடர் குறைந்தால், முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவள் யார்? நஞ்சுக்கும் பட்டினிக்கும் நடுவில் தொழிலாளியை நிறுத்தி ஒன்றைத் தெரிவு செய் என்பது நியாயமல்ல. மாற்றுப் பொருளுக்கான செலவை இலாபம் கண்டவர்கள்தான் ஏற்க வேண்டும்.

மித்தேனியின் இயந்திரங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? 2019 ஏலத்தில் இந்திய நிறுவனம் ஒன்றின் துணைக் கொம்பனி அவற்றை வாங்கியது. கழற்றிக் கொள்கலன்களில் ஏற்றி, மகாராஷ்டிர மாநிலத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் லோட்டே பரசுராம் என்ற கைத்தொழிற் பேட்டைக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் ஆறு ஓடுகிறது. அங்கும் மீன் பிடிப்பவர்களும் மாம்பழத் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கும் தாய்மார் இருக்கிறார்கள். விசென்சாத் தீர்ப்பைப் படித்து நான் அடைந்த சந்தோஷம் இந்தச் செய்தியைப் படித்தபோது பாதியாகிவிட்டது. அந்நாட்டில் தண்டனை கிடைத்த தொழில், கப்பலேறி எங்களுடைய பக்கத்துக்கு வந்துவிட்டது.

எங்களுக்கு இது அந்நியமான கதையல்ல. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து, பெண்கள் பவுசருக்குக் காத்துநின்ற நாட்கள் நினைவிருக்கும். அவ்வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. எண்ணெய் என்றபடியால் வாளியில் படை தெரிந்தது, மணம் வந்தது. பீபாஸ் கலந்தால் நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகிப் பொருள் மிஞ்சுவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். செயற்படுத்திய கரி வடியும், சிறுநீரக நோய்ப் பிரதேசங்களில் வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரமும் இதைப் பெருமளவு பிடிக்கும், வடியை உரிய காலத்தில் மாற்றினால் மட்டும்.

கண்ணால் காண முடியாததைக் கடதாசியில்தான் காண வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஊருக்குள் வரும் தொழிற்சாலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்க வேண்டும். அதில் என்ன நிபந்தனைகள் உள்ளன, கழிவுநீர் எந்த வாய்க்காலில் விடப்படுகிறது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், முடிவு என்ன என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச சபையிலோ மத்திய சுற்றாடல் அதிகார சபையிலோ தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுதுவதற்குத் துணை தேவையானால் உங்கள் கிராம மாதர் சங்கம் ஊடாக எம்மிடம் வாருங்கள். தனியாகக் கொடுப்பதிலும் பார்க்கப் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அலுவலகத்தில் கதிரை தருவார்கள். இது அனுபவத்தில் கண்டது.

இம்மாதக் கூட்டத்தில் அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். தாய்ப்பால் கதை வந்தபோது கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. பிறகு அக்காதான் கேட்டார்.

"அப்ப நான் பழைய இரும்புத் தோசைக்கல்லையே எடுக்கிறன். இந்தத் தாச்சியை என்ன செய்யிறது? குப்பையோட போட்டுக் கொளுத்தவோ?"

"ஐயோ, கொளுத்தாதேங்கோ அக்கா. அந்தப் புகைதான் கூடாது."

"புதைச்சா?"

புதைத்தாலும் அது அங்கேயே கிடக்கும் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் தாச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அது அவருடைய மா வாளிக்கு மூடியாக இருக்கிறது.